ஆயாவின் கணக்கு

காஞ்சி மாநகரைப் பற்றிப் பேசுக என்று என்னைப் பணித்திருந்தால், கயிலாசநாதர் கோயிலைப் பற்றியோ, ஏகாம்பரநாதர் திருக்கோயிலின் மாமரத்தைப் பற்றியோ ஒருவாறு பேசி முடித்திருப்பேன். அவற்றைப் பற்றி நூல்கள் பல உள. நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருளுக்கு நூல் ஏதும் இல்லை. எழுதவும் படிக்கவும் அறியாத ஒரு மூதாட்டி, என்னை வளர்த்த என் பாட்டியார், அவரைப் பற்றியே சில சொற்கள் கூற வந்திருக்கின்றேன். எங்கள் பக்கத்தில் பாட்டியை 'ஆயா' என்று அழைப்பது வழக்கம். ஆதலின் இப்பேச்சிலும் அவர் ஆயாவாகவே வருவார்.

ஆயா 2022-ஆம் ஆண்டு தை மாதத்தில் காலமானார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 93. 'ஏறத்தாழ' என்று நான் கூறுவதற்குக் காரணம் உண்டு. அவர் பிறந்த நாளை எவரும் எழுதி வைக்கவில்லை. வயது கேட்டால் ஆயா ஒரே விடைதான் கூறுவார். "அத்தி வரதர் வந்தப்போ எனக்கு எட்டு வயசு" என்பார். குடும்ப அட்டை எழுத வந்த அலுவலர் இதைக் கேட்டுத் திகைத்துப் போனதை நான் கண்டிருக்கின்றேன். வெளியூரினருக்கு இது விடையாகத் தோன்றாது. காஞ்சியில் பிறந்தவருக்கோ இதைவிடத் தெளிவான விடை வேறில்லை.

சின்னக் காஞ்சிபுரத்து வரதராசப் பெருமாள் கோயிலில் அனந்த சரஸ் என்னும் திருக்குளம் இருக்கின்றது. அக்குளத்தின் நடுவே நீராழி மண்டபம். அம்மண்டபத்தை ஒட்டி நீரின் அடியில், வெள்ளிப் பேழையுள், அத்தி மரத்தால் ஆன பெருமாளின் திருவுருவம் பள்ளிகொண்டிருக்கின்றது. நாற்பது ஆண்டுகளுக்கு ஒரு முறை குளத்து நீரை இறைத்து, அத்திருவுருவத்தை வெளியே எழுந்தருளச் செய்து, 48 நாள் மக்கள் வணங்கியபின் மீண்டும் நீருக்குள் வைத்துவிடுவார்கள். நாற்பது ஆண்டு என்பது வழக்கு. கணக்குப் பார்த்தால் சிறிது கூடவும் செய்யும். 1892-ஆம் ஆண்டுக்குப் பிறகு 1937-இலும், அடுத்து 1979-இலும், பின்னர் 2019-இலும் வரதர் வெளிவந்தார். ஆயாவின் வாழ்நாளில் மும்முறை. இத்தகைய பேறு காஞ்சியில் பிறந்தோரிலும் ஒரு சிலர்க்கே வாய்க்கும்.

1937-ஆம் ஆண்டு அத்தி வரதரைக் கண்டதைப் பற்றி ஆயா கூறிய செய்தி விந்தையானது. எண்ணெய் விளக்கின் ஒளியும், பெரிய கண்களும், தம்மைத் தூக்கிச் சென்ற தந்தையின் தோள் வியர்வையில் நனைந்திருந்ததும் அவருக்கு நினைவிருந்தன. ஆயினும் அந்நாளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவர் முதலில் கூறுவது வேறொன்று. "அன்னிக்கு முழுக்க நான் நாடாவைத் தொடல்லே" என்பார். எட்டு வயதுச் சிறுமிக்கு வரதர் தந்த வரம் அந்த ஒருநாள் விடுமுறைதான்.

மாணவ நண்பர்களே, இதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டுமாயின் எங்கள் தொழிலைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். காஞ்சிப் பட்டுக்கு வேண்டிய பொருள்களுள் எதுவும் காஞ்சியில் விளைவதில்லை. பட்டு நூல் கர்நாடகத்திலிருந்து வருகின்றது. சரிகை சூரத்திலிருந்து வருகின்றது. பாலாற்று நீரால் சாயத்துக்கு ஒளி கூடும் என்று பெரியோர் கூறுவர். அந்த நீரை ஒதுக்கிவிட்டால், எங்கள் ஊருக்கு உரியது கை ஒன்றே. அக்கையின் திறம் விளங்கும் இடம் 'கோர்வை'. புடவையின் உடல் ஒரு நிறமாகவும் கரை வேறு நிறமாகவும் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். கரைக்குரிய ஊடை இழையும் உடலுக்குரிய ஊடை இழையும் ஒவ்வோர் ஓட்டத்திலும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ள வேண்டும். கோப்பதனாலேயே அது கோர்வை. நன்றாகக் கோத்த புடவை கிழிந்தாலும் கரை பிரியாது என்பார்கள். இதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். உடலுக்கு ஒன்று, இரு கரைக்கும் இரண்டு. தறிக்குழியில் அமர்ந்து நெய்பவருக்கு இருப்பவை இரண்டு கைகளே. ஆகையால் அவர் பக்கத்தில் இன்னொருவர் அமர்ந்து, ஒரு கரையின் நாடாவை வாங்கியும் விட்டும் வரவேண்டும். விடியற்காலை முதல் விளக்கு வைக்கும் வரை, வாங்குவது, விடுவது, வாங்குவது, விடுவது.

அந்த இன்னொருவர் நெடுங்காலமாகக் குழந்தையாகவே இருந்து வந்தார். குழந்தைக்கு இடம் குறைவாகப் போதும். கூலியும் குறைவாகப் போதும். தன் வீட்டுக் குழந்தையாயின் கூலியே வேண்டா. ஆயா தம் தந்தையின் தறியில் ஏழு வயதில் அமர்ந்தவர். பதினைந்தாம் வயதில் மணமாகிப் பிள்ளையார்பாளையத்துக்கு வரும் வரையில் அவ்விடத்திலேயே இருந்தார். பள்ளிக்கூடம் எங்கே இருந்தது என்பதே அவருக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். அது தெருக்கோடியில் இருந்தது. பிள்ளைகள் உரக்கச் சொன்ன வாய்பாடு தறியடிக்குக் கேட்கும். நாடா விட்டுக்கொண்டே பன்னிரண்டாம் வாய்பாடு வரையில் கற்றுக்கொண்டார். எழுத்து மட்டும் காதால் கற்க இயலாதது.

மணமான பின் ஆயா நூல் இழைப்பதிலும் தார் சுற்றுவதிலும் பாவுக்குக் கஞ்சி தோய்ப்பதிலும் காலம் கழித்தார். ஆறு பிள்ளைகள் பிறந்து நால்வர் தங்கினர். 1952-ஆம் ஆண்டில் தமிழகத்துக் கைத்தறியாளருக்குப் பெருந்துன்பம் வந்தது. பல ஊர்களில் நெசவாளர்க்குக் கஞ்சித் தொட்டி வைத்தார்கள். காஞ்சியில் நெசவுக் குடும்பத்தில் பிறந்த அறிஞர் அண்ணா 1953-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருவில் விற்றார். என் தாத்தா அச்செய்தியைக் கேட்ட நாள் முதல் அண்ணாவின் அன்பர் ஆனார். கோயிலுக்குள் செல்வதையும் நிறுத்திக்கொண்டார். ஆயா நிறுத்தவில்லை. வெள்ளிதோறும் காமாட்சியம்மன் கோயில். கார்த்திகைக் கடை ஞாயிறன்று கச்சபேசுவரர் கோயிலில் தலைமேல் அகல் ஏந்தி வலம். வைகாசியில் கருட சேவை. இவ்வளவும் ஒரே வீட்டில் நடந்தன. ஒருவரையொருவர் தடுத்ததை எங்கள் குடும்பத்தில் எவரும் கண்டதில்லை. கேலி செய்துகொண்டது உண்டு. அது வேறு.

1979-ஆம் ஆண்டு இரண்டாம் முறை அத்தி வரதர் வந்தபோது எனக்கு ஐந்து வயது. தெருவே திரண்டு சின்னக் காஞ்சிபுரம் சென்றது. தாத்தாவும் வந்தார். ஆனால் கோபுர வாயிலோடு நின்றுவிட்டார். "உள்ளே போறவங்க செருப்பையெல்லாம் யாராவது பாத்துக்கணும் இல்லையா" என்று கூறி, தெருவார் அத்தனை பேருடைய செருப்புகளையும் சுற்றி வைத்துக்கொண்டு நடுவில் அமர்ந்துகொண்டார். நான் உள்ளே கண்டது எதுவும் எனக்கு நினைவில்லை. வெளியே வந்தபோது தாத்தா செருப்புக் குவியலின் நடுவே சுருட்டுப் புகைத்துக்கொண்டு வீற்றிருந்த காட்சி மட்டும் நினைவிருக்கின்றது. ஆயா அவரிடம் கோயில் இட்லியில் ஒரு துண்டை நீட்டினார். மந்தாரை இலை வைத்துக் குடலையில் அவித்த, மிளகும் சுக்கும் மணக்கும் இட்லி. தாத்தா அதை மறுக்கவில்லை.

அதன்பின் இரண்டு ஆண்டுகளில், 1981-இல், தாத்தா நெஞ்சு நோயால் இறந்தார். மருத்துவச் செலவுக்காகத் தறி முதலாளியிடம் வாங்கிய முன்பணம் பெருகிப் போயிருந்தது. முன்பணம் என்பது எங்கள் தெருவில் எல்லோரும் அறிந்த சொல். அதை வாங்கியவர் கடன் தீரும் வரையில் வேறு முதலாளிக்கு நெய்ய இயலாது. கூலியில் ஒரு பகுதி பிடித்தம் போய்விடும். அந்நேரம் பார்த்து, என் தந்தையாருக்குத் துணையாக நாடா விட்டு வந்த பையனும் வேறு தறிக்குப் போய்விட்டான். துணை இன்றிக் கோர்வை இல்லை. கோர்வை இன்றிக் கூலி இல்லை. பாவு தறியில் ஏறியபடி நான்கு நாள் கிடந்தது.

ஐந்தாம் நாள் முதலாளியின் கணக்கர் வந்தார். திண்ணையில் அமர்ந்து மோர் அருந்தினார். அருகே புத்தகப் பையுடன் நின்ற என்னை ஒரு முறை பார்த்தார்.

"வீட்டிலேயே பிள்ளை இருக்கானே, உக்கார வைக்க வேண்டியதுதானே" என்றார்.

என் தந்தையார் வாய் திறக்கவில்லை. அவரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. அவரும் ஏழு வயதில் அமர்ந்தவரே. எனக்கும் அப்போது ஏழு வயது. தெருவில் என் வயதினர் பலர் ஏற்கெனவே தறியில் இருந்தனர். உண்மையைச் சொல்வதாயின், எனக்குமே அதில் வருத்தம் இல்லை. வாய்பாடு ஒப்பிக்க வேண்டாவே என்ற மகிழ்ச்சிதான் இருந்தது.

அடுக்களையிலிருந்து ஆயா வந்தார். கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டார். கணக்கரிடம் ஒன்றும் பேசவில்லை. தறியின் அருகே சென்று படமரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, குழியில் காலை இறக்கி, துணை அமரும் இடத்தில் அமர்ந்தார்.

"நான் உக்காந்த இடம் எனக்குத் தெரியும். அவன் பையை எடுத்துக்கிட்டுப் போகட்டும்" என்றார்.

அப்போது ஆயாவுக்கு வயது 52. நாடாவைக் கைவிட்டு முப்பத்தேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. முதல் வாரத்தில் இழை பலமுறை அறுந்தது. கரையில் பூ ஓரிடத்தில் தவறிற்று, கூலியில் பிடித்தார்கள். ஒரு மாதத்தில் கை பழகிவிட்டது. மூன்று புடவைக்கான அந்தப் பாவு தீர்ந்தது, அடுத்தது ஏறிற்று. இவ்வாறு ஓராண்டோ ஈராண்டோ அன்று. நான் கல்லூரிப் படிப்பை முடித்த 1995-ஆம் ஆண்டு வரையில், பதினான்கு ஆண்டுகள் அவர் அக்குழியில் அமர்ந்தார். முழங்கால் மடக்க இயலாமற் போனது அப்போதுதான். இடது கைப் பெருவிரலில் நாடா உராய்ந்து காய்த்த தடம் இறுதி வரையில் இருந்தது.

நேயர்களே, சிறுவரை வேலையில் அமர்த்துவதைத் தடுக்கும் சட்டம் நம் நாட்டில் 1986-ஆம் ஆண்டு வந்தது. அச்சட்டமும், குடும்பத்தார் தம் வீட்டில் நடத்தும் தொழிலுக்கு விலக்கு அளித்திருந்தது. அதாவது, என் தந்தையாரின் தறியில் நான் அமர்ந்திருந்தாலும் சட்டம் எட்டிப் பார்த்திராது. இதை நான் கல்லூரியில் படித்துவிட்டு வந்து ஆயாவிடம் கூறினேன். ஆயா சிரித்தார். "எழுதறவங்க தறி பாத்திருக்க மாட்டாங்க" என்றார். அதில் கசப்பு ஏதும் இல்லை. தகவலாகவே கூறினார்.

ஆயா தறியில் அமர்ந்ததற்கு என்னிடம் ஒரு கூலி வாங்கிக்கொண்டார். மாலையில் பள்ளி விட்டு வந்ததும் தறியடியில் அமர்ந்து அன்றைய பாடத்தை உரக்கப் படிக்க வேண்டும். படித்ததில் அவருக்குப் புரியாதது இருந்தால் விடமாட்டார். ஒருநாள் யுவான் சுவாங் என்னும் சீனப் பயணி ஏழாம் நூற்றாண்டில், ஏறத்தாழ 640-ஆம் ஆண்டில், காஞ்சிக்கு வந்தார் என்று படித்தேன். ஆயா நாடாவை நிறுத்தினார்.

"அவ்வளவு தூரத்திலேருந்து வந்தாரே, இங்கே அவருக்கு யார் சோறு போட்டாங்க?"

புத்தகத்தில் அது இல்லை. மறுநாள் ஆசிரியரைக் கேட்டேன். ஆசிரியர் என்னை விழித்துப் பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை. இன்று நானும் ஆசிரியனாகி வரலாறு கற்பிக்கின்றேன். அப்பாடம் வரும் ஆண்டெல்லாம் மாணவர் எவரேனும் அவ்வினாவை எழுப்புவாரா என்று காத்திருப்பது உண்டு.

ஆயா இறைவனிடம் எனக்காக என்ன வேண்டினார் என்பதை நான் அறியேன். தேர்வு நாளில் நெற்றியில் திருநீறு பூசுவார், அவ்வளவே. பெருமாளுக்கு நாமம் இடும் வீடு, சிவனுக்கு நீறு பூசும் வீடு என்ற வேறுபாடு அவரிடம் இல்லை. காஞ்சியில் இரண்டும் இருக்கின்றன. இரண்டையும் விடுவானேன் என்பது அவர் கருத்து. தறியில் அமருமுன் படமரத்தைத் தொட்டுக் கும்பிடுவதையும், காமாட்சியைக் கும்பிடுவதையும் அவர் ஒரே விதமாகவே செய்தார். முகத்தில் வேறுபாடு தெரியாது.

என் தந்தையார் 2006-ஆம் ஆண்டில் நெசவை விட்டார். இளைஞர்கள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்குப் பேருந்தேறிச் செல்லத் தொடங்கிய காலம் அது. தறியைப் பிரித்துக் குழியை மூடிச் சிமெண்டு பூசினோம். அவ்விடத்தில் கட்டில் போடலாம் என்று என் மனைவி கூறினாள். ஆயா வேண்டாம் என்றும் சொல்லவில்லை. போடு என்றும் சொல்லவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் அச்சதுரத்தின் மேல் ஒரு கோலம் இருக்கும். கட்டில் வேறு அறைக்குச் சென்றது.

மூன்றாம் முறை வரதர் வந்தது 2019-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள். ஜூலை முழுவதும் பள்ளிகொண்ட கோலம். ஆகஸ்டு முதல் நின்ற திருக்கோலம். 1979-இல் காஞ்சியும் சுற்றூர்களும் வந்தன என்றால், இம்முறை நாடே வந்தது. ஒரு கோடிப் பேர் வரையில் வந்திருப்பர் என்று செய்திகள் கூறின. நெரிசலில் சிலர் உயிரிழந்ததும் உண்டு. எங்கள் தெருத் திண்ணைகளில் எல்லாம் முன்பின் அறியாதவர்கள் உறங்கினார்கள். ஆயா வாசலில் நாற்காலி போட்டமர்ந்து, வருவோருக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவரை எப்படியேனும் அழைத்துச் செல்ல வேண்டும் என்று நான் முயன்றேன். சக்கர நாற்காலிக்கு ஏற்பாடு செய்தேன். ஆயா இசையவில்லை.

"நான் ரெண்டு தடவை பாத்தாச்சு. கொழந்தையைக் கூட்டிக்கிட்டுப் போ" என்றார்.

குழந்தை என்றது என் மகளை. அவளுக்கு அப்போது ஆறு வயது. அவ்வளவு நெரிசலில் குழந்தையை அழைத்துச் செல்வது அறிவீனம் என்று நான் வாதிட்டேன். ஜூலை முடிந்தது. ஆகஸ்டிலும் பத்து நாள் கழிந்தது. ஆயா என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார். ஒருநாள் இரவு, "அடுத்த தடவை நான் இருக்கமாட்டேன், நீயும் இருப்பியோ என்னமோ. அவ இருப்பா. இருக்கிறவ பாக்க வேணாமா?" என்றார். எண்பத்தைந்து வயதுவரை நான் வாழ்வது ஐயமே என்பதை இவ்வளவு எளிதாக என் முகத்துக்கு நேரே கூறியவர் வேறு எவரும் இல்லை.

மறுநாள் விடியுமுன் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு புறப்பட்டேன். வரிசையில் ஏழு மணி நேரம் நின்றோம். முன்னே நின்ற ஒரு குடும்பத்தார் குழந்தைக்கு வெள்ளரிக்காய் கொடுத்தார்கள். திருமுன் நின்ற நேரம் அரை நிமிடம்கூட இராது. ஓங்கிய திருவுருவம், மலர் மாலைகள், விளக்கொளி, பெரிய கண்கள். பின்னிருந்தோர் தள்ள, வெளியே வந்துவிட்டோம். என் சட்டையின் தோள்பட்டை வியர்வையில் நனைந்திருந்தது. அப்போது எனக்கு 1937 நினைவுக்கு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஆயா குழந்தையை மடியில் இருத்திக்கொண்டார். முழங்கால் வலியையும் பொருட்படுத்தவில்லை.

"சாமி எப்படி இருந்தாரு?"

"பெரிசா இருந்தாரு."

"என்ன பட்டு கட்டியிருந்தாரு?"

நாள்தோறும் ஒரு நிறப் பட்டு சாத்துவது வழக்கம் என்பதை நேயர்கள் அறிந்திருக்கலாம். குழந்தை சிந்தித்து, "ரோஸ் கலர்" என்றது.

"கரை?"

குழந்தை விழித்தது. என்னைப் பார்த்தது. நானும் கரையைக் கவனிக்கவில்லை. நெசவாளர் வீட்டில் பிறந்த இருவர் ஏழு மணி நேரம் நின்று சென்று கரையைப் பாராமல் வந்துவிட்டோம். ஆயா எழுந்து, சுவரைப் பற்றிக்கொண்டு சென்று, தம் பெட்டியிலிருந்து ஒரு துண்டுப் பட்டை எடுத்து வந்தார். எங்கள் தறியில் கடைசியாக அறுத்த பாவின் மிச்சம் அது. ஒரு முழம் இராது. அரக்கு உடல், பச்சைக் கரை. அதைக் குழந்தையின் மடியில் விரித்து, உடலும் கரையும் சேரும் இடத்தில் அதன் விரலைப் பிடித்து மெல்ல இழுத்தார்.

"இங்கே பாரு. இது அரக்கு, இது பச்சை. நடுவிலே ஒண்ணை ஒண்ணு புடிச்சிக்கிட்டிருக்கு பாத்தியா? புடிச்சிருந்தா கோர்வை. இல்லேன்னா வெறும் ஒட்டு."

குழந்தை தடவித் தடவிப் பார்த்தது. பின்னர், "அடுத்த தடவை சாமி வரும்போது எனக்கு எத்தனை வயசு ஆயா?" என்று கேட்டது.

ஆயா விரல் கணுக்களில் எண்ணினார். தார் எண்ணும்போதும் அப்படித்தான் எண்ணுவார்.

"நாப்பத்தாறு. அப்போ உன் கண்ணு நல்லாத்தான் இருக்கும். கரையை நல்லாப் பாத்துக்கிட்டு வா" என்றார்.

குழந்தை சரி என்றது.